நான் அழித்த ஓடை

1

இந்தக் கார்த்திகையோடு அந்தப் பெருமழைக்குப் பத்து வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள் என்று அக்கா போனில் சொல்லிச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சேவியர். பிறந்து வளர்ந்தது சாந்தோமில். எட்டு வருடமாக நியூசிலாந்தில், ஆக்லாந்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். மனைவி ரீட்டா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். விசா கிடைத்தது அவள் வேலைக்குத்தான். நான் கூட வந்தவன். மகள் ஜெனி ஐந்து வயதில் வந்தாள். இப்போது பதின்மூன்று.

சென்னையில் நான் கட்டட பிளான் வரைந்துகொண்டிருந்தேன். இங்கே என் டிப்ளமாவை ஒப்புக்கொள்ள, பாடத்திட்டத்தின் நகல் வேண்டும் என்றார்கள். படித்த இடத்துக்கு எழுதினேன். நேரில் வரச் சொன்னார்கள். அம்மா நேரில் போனாள். படித்தவரே வர வேண்டும் என்றார்கள். ஏழு மாதம் இப்படிப் போனது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், இந்த ஊர் நிர்வாகம் ஆள் எடுத்த வேலைக்குப் போனேன். ஊருக்குள் ஓடும் ஓடைகளின் கரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. களை பிடுங்குவது, செடி நடுவது, மழை விட்ட பிறகு சிக்கிக்கிடக்கும் குப்பையை எடுப்பது.

வேலை உத்தரவில் 'ஸ்ட்ரீம் பேங்க் மெயின்டனன்ஸ்' என்று இருந்தது. அதை அப்படியே அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், மகனுக்கு பேங்கில் வேலை கிடைத்துவிட்டது என்று கோயில் வாசலில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்திருக்கிறாள். எந்த பிராஞ்ச் என்று ஒருவர் கேட்டாராம். "ஹெட் ஆபீஸ்தான்" என்றாளாம் அம்மா.

நான் திருத்தவில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழைய பழக்கம்.

2

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். வேளச்சேரியில் ஒரு அப்பார்ட்மென்ட் கட்ட மனை வந்திருந்தது. அளவு எடுப்பவரோடு நானும் போய்ப் பார்த்தேன். மனையின் பின்பக்கம் ஒரு ஓடை. பெரியது என்று சொல்ல முடியாது. நல்ல வேகத்தில் ஓடிவந்தால் தாண்டிவிடலாம். ஆடி மாத வெயிலில் அங்கங்கே தேங்கிக் கிடந்தது. நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு ஒரு நாமக்கோழி தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. அதை நான் வேடிக்கை பார்த்ததுகூட நினைவிருக்கிறது.

பழைய சர்வே மேப்பிலும் அந்த ஓடை இருந்தது. மேற்கே ஒரு ஏரியிலிருந்து கிளம்பி, கிழக்கே சதுப்பு நிலத்துக்குப் போகும் வழி அது. என் வரைபடத்தில் அதை நீலக் கோடாகப் போட்டேன்.

முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். "அந்த நீலத்தை எடுத்துடு சேவியர். இருபதடி பாதைன்னு போடு" என்றார்.

"சார், அது ஓடைப் புறம்போக்கு."

"தண்ணியே இல்லாத ஓடை. யாரு பாக்கப் போறாங்க?"

கோட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு பட்டனைத் தட்டினேன். போய்விட்டது. பக்கத்தில் இரண்டு கறுப்புக் கோடு போட்டு, 'பாதை' என்று எழுதினேன். டீ வந்தது, குடித்தேன். அன்றைக்கு வேறெதுவும் நடக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஸ்டெல்லா அக்கா வீடு தேடிக்கொண்டிருந்தாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். வேளச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாக்ரஃபி டீச்சர். மயிலாப்பூரிலிருந்து தினமும் பறக்கும் ரயிலில் போய் வருவதில் அலுத்துப்போயிருந்தாள். அந்த அப்பார்ட்மென்டில் ஒரு தரைத்தள வீடு மிச்சமிருந்தது. என் மூலமாகப் போனால் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள்.

"நல்ல இடமாடா?" என்று கேட்டாள்.

"நல்ல இடம்தான்கா" என்றேன்.

பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட இல்லை. அதற்குள் நானே அதைப் பாதையாக நம்ப ஆரம்பித்திருந்தேன்.

3

அந்தப் பெருமழை வந்த இரண்டாம் நாள் அக்கா வீட்டு போன் செத்துவிட்டது. பட்டினப்பாக்கத்து மீனவர்கள் லாரியில் படகு ஏற்றிக்கொண்டு வேளச்சேரிக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கெஞ்சி நானும் ஏறிக்கொண்டேன். படகுக்காரர் பெயர் பாளையம். ஐம்பது வயது இருக்கும்.

மத்தியானம் மூன்று மணிக்கு அப்பார்ட்மென்டின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தோம். முன்பக்கம் தண்ணீர் அசையாமல் நின்றது. பின்பக்கம் திரும்பியதும் படகு தானாக இழுத்துக்கொண்டு போனது. பாளையம் அண்ணன் கழியை ஊன்றிப் பார்த்தார்.

"இன்னாபா இது, கீழ இழுத்துக்கினு போவுது. ரோட்டுல இன்னாத்துக்கு ஓட்டம்?"

நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இது ரோடு இல்ல நைனா. தண்ணி போற வழி. எவனோ மூடி வச்சிகீறான். உனுக்குத் தெரியுமா?"

"தெரியலண்ணே" என்றேன்.

அக்காவும் அவள் கணவர் சகாயம் மாமாவும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா தேனாம்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சூப்பர்வைசர். கோயில் பாடற்குழுவில் நல்ல குரல். அக்காவின் பள்ளிக்கூடப் பிள்ளைகளுடைய பரீட்சைப் பேப்பரை எடுக்க, இடுப்பளவு தண்ணீரில் வீட்டுக்குள் இறங்கியிருக்கிறார். காலில் ஏதோ கிழித்துவிட்டது. ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். "சின்னக் கீறல்தான்டா" என்று என்னிடம் சிரித்தார்.

மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. அந்தக் கீறல் ஆறவில்லை. தை மாதத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் வீட்டின் பின்னால், அந்தப் 'பாதை'யில் கொஞ்சம் இழுத்து, மாமாவுக்கென்று ஒரு அறை கட்டினார்கள். சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவு, பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்த பாத்ரூம். அந்த அறைக்கும் பிளான் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அது முடிந்த சில மாதங்களில் விமானம் ஏறிவிட்டேன்.

4

ஓடைக்கரை வேலையைப் பரிகாரம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வேலைதான் கிடைத்தது, போனேன். முதல் வாரமே தப்பு செய்தேன். கரையோரம் கோரை மாதிரி ஒரு புல் வரிசையாக நின்றது. நம் ஊரில் கோரை என்றால் களைதானே என்று ஒரு காலை முழுவதும் பிடுங்கிக் குவித்தேன். பார்த்துப் பார்த்து நட்டது பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று பிறகுதான் தெரிந்தது.

என் மேலாளர் அரோஹா, என் வயதுப் பெண், இந்த நாட்டுப் பூர்வகுடியான மவோரி இனத்தவர். அவள் திட்டவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப நட ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன். வேர் பிடிக்காத கரை ஒரே மழையில் கரைந்து ஓடைக்குள் விழுந்துவிடும், நிழல் இல்லாத தண்ணீர் சூடேறினால் மீன் தங்காது என்றெல்லாம் நட்டுக்கொண்டே சொன்னாள். நட்டால் மட்டும் போதாதாம். முதல் மூன்று வருடம் சுற்றிலும் களை எடுக்க வேண்டும். அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்குள் புல் வெட்டும் மிஷினைக் கொண்டுவரவே கூடாது.

ஓடைக்குப் பக்கத்தில் பள்ளமாக ஒரு பெரிய நிலம் சும்மா கிடந்தது. "இதில் ஏன் யாரும் வீடு கட்டவில்லை?" என்று கேட்டேன்.

அரோஹாவுக்கு என் கேள்வி புரியவில்லை. என் இங்கிலீஷ்தான் காரணமோ என்று இன்னொரு முறை கேட்டேன். "பெரிய மழை வந்தால் தண்ணீர் எங்கே போய் உட்காரும்?" என்று திருப்பிக் கேட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பெரிய மழை வந்தது. பள்ள நிலம் இரண்டு நாள் ஏரியாகக் கிடந்தது. வாத்துகள் வந்தன. மூன்றாம் நாள் வடிந்துவிட்டது. சுற்றியிருந்த வீடுகளில் யாரும் ஜன்னலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் மழைக்கோட்டோடு அதன் விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். ரீட்டா மூன்று முறை போன் செய்தாள்.

இரண்டு வருடம் கழித்து, எனக்கு வரையத் தெரியும் என்று அரோஹாவுக்குத் தெரிந்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஆபீசில் உட்கார்ந்து ஓடை மேப் வரைகிறேன். நீலக் கோடு, அதன் இருபுறமும் பச்சைப் பட்டை. பச்சைக்குள் எதுவும் கட்டக்கூடாது.

5

இந்த வருடம் பள்ளி விடுமுறைக்கு அக்காவும் மாமாவும் முதல்முறையாக இங்கே வந்தார்கள். இங்கே மே கடைசியில் நடவு தொடங்கும். ஊரே குடும்பத்தோடு வந்து கரையில் செடி நடும் நாள் ஒன்று உண்டு.

ஜெனியின் தமிழ் இப்போது ஒரு மாதிரி. நெடில் பாதி குறிலாகிவிட்டது. "அத்தே, வா, ஒடை பாக்கலாம்" என்று கூப்பிட்டாள். அக்கா காதில் அது 'உடை' என்று விழுந்தது. புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையோடு வந்து, "எந்தக் கடைக்குடி?" என்று கேட்டாள். மாமாதான் சிரித்துச் சிரித்து இருமினார்.

ஓடைக்கரையில் மாமா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து நாற்றுகளைப் பிரித்துக் கொடுத்தார். நான் குழி வெட்டினேன், அக்கா நட்டாள். ஜெனி கரையில் குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் விலாங்கு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையைத் தூக்கி, "அத்தே, உங்க வீட்டு ஒடை எங்க இருக்கு?" என்று கேட்டாள். எல்லா வீட்டுக்கும் ஒரு ஓடை இருக்கும் என்பது அவள் எண்ணம்.

"எங்க வீட்டுக்கு ஓடை இல்லம்மா" என்றாள் அக்கா.

"இருந்துச்சுக்கா" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் வீட்டுக்குப் பின்னாடி ஓடை இருந்துச்சு. பிளான்ல நான்தான் அதை எடுத்துட்டுப் பாதைன்னு போட்டேன்."

"எப்போ?"

"நீ வாங்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடி."

"அப்போ நல்ல இடமான்னு நான் கேட்டப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

கையில் இருந்த நாற்றை அக்கா குழியில் வைத்தாள். மண்ணைத் தள்ளி, இரண்டு கையாலும் அழுத்தினாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தாள். அவர் தூரத்தில் யாரோ ஒரு குழந்தைக்கு நாற்று கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அவர்கிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு கார் இருந்த பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலை மாமாவிடம் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து செயற்கைக் காலை மாட்டிக்கொண்டிருந்தார். பட்டையை இறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

"நீ முடியாதுன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"வேற ஒருத்தன் செஞ்சிருப்பான் மாமா."

"செஞ்சிருப்பான். ஆனா அந்த வேற ஒருத்தன் என் மச்சான் இல்லையே. எங்ககிட்ட வந்து நல்ல இடம்னு சொல்லியிருக்க மாட்டான்."

பட்டையை இறுக்கி முடித்துவிட்டு அவரே சொன்னார்: "கோபம் வருது சேவியர். உன் வீட்ல உக்காந்து, உன் சோத்தைத் தின்னுக்கிட்டு கோபப்படறதுக்குத்தான் கஷ்டமா இருக்கு."

அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. ஜெனியிடம் பேசினார், ரீட்டாவிடம் பேசினார். நான் உள்ளே வந்தால் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6

நான்காம் நாள் அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். டீச்சர் முகம்.

அந்த ஓடையைத் திறக்கச் சொல்லி, அவர்கள் தெருவில் இருபது குடும்பங்கள் இரண்டு வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். எனக்கு இது தெரியாது. போகும் இடத்திலெல்லாம் ஒரே பதில்: எங்கள் ரெக்கார்டில் அது பாதை. பழைய மேப்பைக் கேட்டால், தேடிப்பார்க்கிறோம், அடுத்த வாரம் வாங்க.

"எந்த மேப், என்ன நம்பர், கோடு எங்கிருந்து எங்க போச்சு, யார் எடுத்தது, எல்லாத்தையும் எழுதி, வரைஞ்சு, கையெழுத்துப் போட்டுக் குடு."

"அக்கா, அந்தக் கோடு மாமா ரூம் வழியா போகும்."

"நான் ஜாக்ரஃபி டீச்சர்டா. எனக்குத் தெரியாதா?"

"மாமாவுக்குத் தெரியுமா?"

"மனுவுல முதல் கையெழுத்தே அவர்தான்."

ரீட்டா பயந்தாள். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அப்போது பாதியில் இருந்தது. நன்னடத்தை பற்றி அதில் ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி. "நாளைக்கு உங்க மேல கேஸ்னு வந்தா? ஜெனிக்கு என்ன பதில் சொல்றது?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. இந்த நாட்டுக்கு எங்களைக் கொண்டுவந்ததே அவள் உழைப்பு. இரண்டு நாள் பேசினோம். மூன்றாம் நாள், "போய்ப் போட்டுட்டு வாங்க. இனிமே போடலன்னாலும் நமக்குத் தூக்கம் வராது" என்றாள்.

இங்கே நூலகத்தில் சனிக்கிழமைகளில் சான்றொப்பம் போட ஒரு முதியவர் உட்கார்ந்திருப்பார். ஜெனியும் கூட வந்தாள். நான் எழுதியது அத்தனையும் உண்மைதானா என்று அவர் சத்தமாகக் கேட்டார். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சொன்ன மாதிரி ஆமாம் என்றேன். திரும்பும்போது காரில் அந்தப் பேப்பரை ஜெனி முழுவதும் படித்தாள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"வேலை போயிடும்னு பயம்" என்றேன் தமிழில்.

"அதுக்கா?" என்றாள். நெடிலோடு, சுத்தமான தமிழில். வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தப் பெண் நம்மைவிட்டு விலகிப் போகிறாளே, நம் பாஷையை மறக்கிறாளே என்று இத்தனை வருடமும் கவலைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னை நன்றாகப் பார்த்துவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

7

அக்கா அந்தப் பேப்பரோடு ஊருக்குப் போனாள். தெருக்காரர்கள் ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். என் வரைபடத்தில் இருந்த நம்பரை வைத்துத் தேடியதும் பழைய மேப் கிடைத்துவிட்டது. அளக்க ஆள் வந்தார்கள். அப்பார்ட்மென்டிலேயே சிலர் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பின்பக்கம் அவர்கள் இழுத்துக் கட்டியதும் போகிறதல்லவா? பக்கத்துக் காம்பவுண்டுக்காரர் தடையுத்தரவு வாங்கிவிட்டார். அதனால் ஓடை முழுவதும் திறக்கவில்லை. இவர்கள் பக்கம் ஒரு துண்டும், கிழக்கே சதுப்பு நிலம் போகும் பக்கம் கொஞ்சமும் மட்டும் தோண்டியிருக்கிறார்கள்.

ஐப்பசியில், மழைக்கு முன்னால், மாமாவின் அறையை இடித்தார்கள். கட்டில் இப்போது ஹாலில். பாத்ரூம் போக அக்கா கூடப் போக வேண்டியிருக்கிறது.

கையெழுத்துப் போட்டதைக் குடியுரிமை விண்ணப்பத்தில் நானே தெரிவித்திருந்தேன்; விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் இல்லை.

போன வாரம் அங்கே பெரிய மழை. தெருவில் முழங்கால் அளவு நின்றதாம். முன்பெல்லாம் நாலு நாள் நிற்கும். இந்த முறை மறுநாள் சாயங்காலம் வடிந்துவிட்டது. ஓடையால்தானே என்று ஆசையோடு கேட்டேன். "ஒரு மழையை வச்சு அப்படியெல்லாம் சொல்ல முடியாதுடா" என்றாள் அக்கா. அவள் அப்படித்தான்.

இப்போது வேறு பிரச்சினை. வெட்டிய கரை மொட்டையாக நிற்கிறது. ஒரே மழையில் இரண்டு இடத்தில் சரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பிவிடலாம் என்கிறார்கள் பெரும்பாலானவர்கள். அக்காவும் இன்னும் நாலு பேரும் மண்கரையாகவே விட்டு, செடி வைப்போம் என்கிறார்கள். தை மாதம் வரை அவகாசம் வாங்கியிருக்கிறார்கள்.

"என்ன செடிடா வைக்கணும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. இந்த ஊர்க் கரைகளில் நிற்கும் நாற்பது செடிகளுக்கு மவோரிப் பெயர் சொல்வேன். வேளச்சேரி ஓடைக்கரையில் அன்றைக்கு என்ன நின்றது என்று எத்தனை யோசித்தும் நினைவு வரவில்லை. நான் அளவு பார்க்கப் போனவன்; ஒரு பறவையைப் பார்த்தேன், செடியைப் பார்க்கவில்லை.

"பக்கத்துல எங்கயாவது மண்கரையோட ஓடை மிச்சம் இருந்தா, அங்க தானா என்ன நிக்குதுன்னு போய்ப் பாருக்கா" என்றேன்.

நேற்றுக் காலை படங்கள் வர ஆரம்பித்தன. ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். முதல் படத்தில் ஊதாப் பூவோடு ஆகாயத்தாமரை. அது வேண்டாம், தண்ணீரை மூடிவிடும் என்று எழுதினேன். அடுத்தது சீமைக்கருவேலம். அதுவும் வேண்டாம். மூன்றாவது படத்தில், கரைச் சரிவில் அடர்த்தியாக ஒரு புல். அதன் பக்கத்தில் மாமாவின் கைத்தடி ஊன்றியிருந்தது.

'வேர் கரையைப் பிடிச்சிருக்கா, இழுத்துப் பாரு' என்று எழுதினேன்.

பதிலுக்குக் குரல் பதிவு வந்தது. அக்கா என்று நினைத்துத் திறந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு மாமா பேசினார். ஆறு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"ரெண்டு கையாலயும் இழுத்துப் பாத்துட்டேன் சேவியர். வர மாட்டேங்குது."

"அப்போ அதையே வைங்க மாமா" என்றேன்.